பேனாவால் போட்ட கோடு

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இங்கே சுகம். நீயும் சுகம் என்று போனில் சொல்கிறாய். ஆனால் நீ அதைச் சொல்கிற வேகத்தைக் கேட்டால்தான் எனக்குச் சந்தேகம் வருகிறது. உன் காலைப் பற்றிப் பேச்செடுத்தாலே கடைக்கு ஆள் வந்துவிட்டது என்று போனை வைத்துவிடுகிறாய். போன முறை அப்படி வைத்தபோது கடைக்கு விடுமுறை. செருப்புக் கடைக்காரி பொய் சொன்னாலும் கொஞ்சம் பொருத்தமாகச் சொல்ல வேண்டாமா? அதனால்தான் கடிதம் எழுதுகிறேன். இதை நடுவில் துண்டிக்க முடியாது. மடித்து வைத்தாலும் மறுபடி எடுத்துப் படிப்பாய் என்று எனக்குத் தெரியும்.

அறை அப்படியே இருக்கிறது. நான் ஊரில் இல்லாத நாட்களில் ஜன்னலில் இருக்கும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதாகப் பக்கத்து அறைக்காரி ஏற்றுக்கொண்டிருந்தாள் அல்லவா? அதைக் கொன்றுவிட்டு, அதே மாதிரி ஒரு புதுச் செடியை வாங்கி அதே தொட்டியில் நட்டு வைத்திருக்கிறாள். நான் கண்டுபிடிக்க மாட்டேன் என்று நினைத்திருக்கிறாள், பாவம். நானும் கண்டுகொள்ளாத மாதிரி இருந்துவிட்டேன்.

உன் வீட்டிலிருந்து திரும்பிய நாளிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. அத்தான் உன் கால் கட்டைப் பிரித்தபோது நான் பக்கத்தில் நின்றேன். சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் இருந்த கோலத்தைப் பார்த்தபிறகு வழியெல்லாம் எனக்கு அதே நினைப்புதான். பல வருடமாகத் தோல் செல்களை வளர்க்கிறவள் நான். என் சொந்த அக்காவின் தோல் ஏன் மூட மறுக்கிறது என்று ஒரு தடவையாவது உருப்படியாக யோசித்திருக்கிறேனா? வண்டியில் வரும்போதே ஒரு யோசனை வந்தது. அதைத்தான் உனக்குச் சொல்லப் போகிறேன். கொட்டாவி விடாமல் படி.

எங்கள் ஆய்வகத்தில் உள்ளங்கையில் அடங்கும் வட்டமான பிளாஸ்டிக் தட்டில் தோல் செல்களை வளர்ப்போம். இளஞ்சிவப்புத் திரவம் ஊற்றி, உடம்புச் சூட்டில் வைக்கும் அலமாரிக்குள் வைத்தால், அவை பெருகி, தட்டின் அடியில் தரை ஓடு பதித்த மாதிரி நெருக்கமாகப் படர்ந்துவிடும். அப்புறம் மெல்லிய பிளாஸ்டிக் முனையால் நடுவில் ஒரு கோடு கீறுவோம். அதுதான் எங்கள் புண். இரண்டு கரையிலும் இருக்கும் செல்கள் மெதுவாக நடந்து வந்து அந்த இடைவெளியை மூடும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உனக்கே கண் கலங்கும். யாரும் சொல்லாமலே எல்லாம் ஒரே பக்கம் நடக்கும்.

உன் சர்க்கரை வியாதி ரத்தம் மாதிரி, சர்க்கரை கூடுதலாக உள்ள திரவத்தில் இந்த இடைவெளி மூட நேரமாகிறது. இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஏன் என்பதில்தான் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். என் கருதுகோள் இதுதான்: இனிப்பில் ஊறிய செல்களுக்கு நடக்கிற தெம்பு குறையவில்லை, திசைதான் தெரியாமல் போகிறது. நடக்கின்றன, ஆனால் சுற்றிச் சுற்றி நடக்கின்றன. நான் மேல்படிப்புக்கு முதல் முதலாக இந்த ஊருக்கு வந்தபோது ஒரே தெருவை வளைய வளைய வந்தேனே, அந்த மாதிரி.

இதை நிரூபிக்க ஒரு தட்டில் சாதாரணத் திரவம், ஒன்றில் சர்க்கரைத் திரவம். இன்னொன்றில் செல்கள் தின்னாத வேறொரு சர்க்கரை. அது எதற்கு என்று கேட்பாய். சர்க்கரை போட்டால் திரவம் இனிப்பாகிறது, அடர்த்தியும் ஆகிறது. செல்களைக் கெடுத்தது இனிப்பா, அடர்த்தியா என்று தெரிய வேண்டாமா? தின்ன முடியாத சர்க்கரையில் அடர்த்தி மட்டும் இருக்கும். இப்படி ஒப்பிட்டுப் பார்க்க வைப்பதைத்தான் கன்ட்ரோல் என்கிறோம். திசையை மீட்டுத் தரும் என்று நான் நம்புகிற ஒரு பொடி இருக்கிறது. நாலாவது தட்டில் சர்க்கரையோடு அந்தப் பொடியும் போடுவேன்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. யாராக இருந்தாலும் சோதனையைத் தொடங்கும் முன் திட்டத்தை எல்லார் முன்னாலும் நின்று வாய்விட்டுப் படிக்க வேண்டும். எங்கள் தலைவிக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'ஏன் மேடம்'. நாம் வணக்கம் சொன்னாலும் ஏன் என்று கேட்கிற ரகம். வருகிற வாரம் என் முறை. ஒத்திகையாக மட்டும் சில தட்டுகளைக் கீறிப் பார்த்தேன். அக்கா, பொடி போட்ட தட்டில் கீறல் மூடியிருக்கிறது! இதை நான் யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. முதலில் உன்னிடம்தான் சொல்கிறேன்.

கொஞ்சம் பொறுத்துக்கொள் அக்கா. உன் தங்கை ஏதாவது வழி கண்டுபிடிக்காமல் விடமாட்டாள். கட்டைத் தினமும் மாற்று. வெறுங்காலோடு நடக்காதே. டாக்டர் சொல்வதை அத்தானையும் கூட வைத்துக்கொண்டு கேள், நீ தனியாகப் போனால் பாதியை வழியிலேயே விட்டுவிட்டு வருவாய்.

அத்தானுக்கு என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் கால்மாட்டில் இருக்க வேண்டிய நேரத்தில் தட்டுகளோடு மாரடிக்கும்,
வாலு

* * *

அன்புத் தங்கை வாலுவுக்கு,

உன் கடிதம் வந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே படித்து முடித்தேன். கொட்டாவி விடவில்லை, சத்தியம். செல்கள் நடக்கும் என்று இத்தனை வருடத்தில் நீ எனக்குச் சொன்னதே இல்லையே? நடக்கும் என்று தெரிந்திருந்தால் அதற்கும் அளவெடுத்துச் செருப்பு கொடுத்திருப்பேன்.

கடையில் வியாபாரம் சுமார்தான். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் என்பதால் குழந்தைகள் கூட்டம் மட்டும் உண்டு. நேற்று ஒரு பெண் குழந்தை வந்தது. சிவப்பு ஷூ ஒன்றைப் பார்த்துவிட்டது, அவ்வளவுதான், அதுதான் வேண்டும். அதன் அளவில் அது இல்லை. இருந்ததில் கூசாமல் காலைத் திணித்துக்கொண்டு, "இறுக்கவே இல்ல ஆன்ட்டி, லூசாதான் இருக்கு" என்கிறது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது! நான் வழக்கம்போல முனையில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். உள்ளே விரல் மடங்கிக் கிடக்கிறது. "வளர இடம் விடணும் கண்ணு" என்று சொல்லிப் பெரிய அளவில் வேறொன்று கொடுத்து அனுப்பினேன். அந்தச் சிவப்பைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. ஆசை வந்துவிட்டால் வலிகூடத் தெரியாது போலிருக்கிறது.

என் காலுக்கு வருகிறேன், அதற்குத்தானே நீ காத்திருக்கிறாய். இது எப்படி வந்தது என்று உன்னிடம் நான் சொல்லவில்லை. ஒரு வாடிக்கையாளர் தோல் ஷூ வாங்கினார், இறுக்கமாக இருக்கிறது, ஒரு நாள் யாராவது போட்டு இளக்கிக் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்றார். அவர் கால் என் கால் அளவுதான். நானே போட்டுக்கொண்டு நாள் முழுக்கக் கடையில் நடந்தேன். இது எத்தனையோ பேருக்குச் செய்து கொடுத்ததுதான். மாலையில் கழற்றினால் சாக்ஸில் ரத்தம். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை வாலு. இப்போதும் வலி என்பதே இல்லை. ஆறிக்கொண்டு வருகிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

டாக்டர் இரண்டு விரலையும் எடுத்துவிடலாம் என்கிறார். தள்ளிப்போட்டால் பாதம் வரைக்கும், அப்புறம் அதற்கும் மேலே போகும் என்று பயமுறுத்துகிறார். நான் விடவில்லை. என் தங்கை இதற்காகவே ஆராய்ச்சி செய்கிறாள், பொறுத்துக்கொள் என்று அவளே எழுதியிருக்கிறாள், நீங்களும் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அறையை விட்டு வெளியே வந்ததும் உன் அத்தான் என்னை விட்டுவிட்டு முன்னால் நடந்து போய்விட்டார். வீட்டிலும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருக்கிறார். சாப்பாடு போட்டால் சாப்பிடுகிறார், அவ்வளவுதான்.

நர்ஸ் ஒருத்தி, நல்ல பெண், சிவந்திருக்கிற இடத்தைச் சுற்றி என் பாதத்தில் பேனாவால் கோடு போட்டு அனுப்பினாள். "சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டுச்சுன்னா ஒரு நிமிஷம்கூட யோசிக்காம வந்துடுங்க அக்கா" என்றாள். கட்டு மாற்றும்போது ஸ்பிரிட் பட்டுக் கோடு அழிந்துவிட்டது. பரவாயில்லை, எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாதா? நானே கடைப் பேனாவால் அதே இடத்தில் மறுபடி போட்டுக்கொண்டேன். சிவப்பு கோட்டுக்கு உள்ளேயேதான் இருக்கிறது. அத்தானிடமும் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார். கொல்லைப் பக்கம் நின்று அழுதார் என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னாள். இந்த வயதில் ஒரு ஆம்பளை இப்படியா அழுவது?

உன்னிடம் ஒளிக்க என்ன இருக்கிறது? எனக்குப் பயம்தான். வெட்டுவதற்கு இல்லை. நான் காலையிலிருந்து இரவு வரை அடுத்தவர் காலடியில் உட்கார்ந்து பிழைப்பவள். வருகிறவர்கள் எல்லாரும் முதலில் என் காலைத்தான் பார்ப்பார்கள். விரல் இல்லாத காலை வைத்துக்கொண்டு நான் யாருக்குச் செருப்பு மாட்டிவிடுவது? யார் நம்பிக் காலை நீட்டுவார்கள்?

அதனால் உன்னைக் கேட்கிறேன். அந்தப் பொடி உன் தட்டில் வேலை செய்கிறது என்றால் ஒரு சிட்டிகை எனக்கு அனுப்பேன். குடிப்பதா, தடவுவதா என்று மட்டும் எழுது. ஏன் மேடத்துக்குத் தெரிய வேண்டாம். கேட்டால் ஏன் என்பாள்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். வேளாவேளைக்குச் சாப்பிடு. அந்தப் புதுச் செடியையாவது நீயே கவனி.

இப்படிக்கு,
உன் சோதனை முடியட்டும் என்று காலை நீட்டி உட்கார்ந்திருக்கும்,
அக்கா

* * *

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. அத்தானுக்கு மெயிலில் அனுப்பி, அச்செடுத்து உன் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அவர் எதிரில் உட்கார்ந்திருப்பார். கடைக்கு ஆள் வந்தாலும் பரவாயில்லை, முழுக்கப் படித்துவிட்டு எழுந்திரு.

உன் கடிதத்தைப் படித்ததும் உனக்குப் போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. அப்புறம் ஒரு மணி நேரம் எங்கள் ஆய்வகத்தின் பாத்திரம் கழுவும் அறையில் போய் உட்கார்ந்திருந்தேன். அங்கேதான் யாரும் வரமாட்டார்கள். நான் எழுதிய "பொறுத்துக்கொள்" என்ற வார்த்தையை நீ டாக்டர் முகத்துக்கு நேரே நீட்டியிருக்கிறாய். ஆறுதலுக்கு எழுதிய ஒரு வார்த்தை அக்கா அது. அதை எழுதிய கையை வெட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அன்று மதியம்தான் நான் திட்டத்தைப் படிக்க வேண்டிய முறை. படித்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள். ஏன் மேடம் மட்டும் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். முடித்ததும், "சர்க்கரைத் தட்டுல செல்லு சுத்திச் சுத்தி நடந்தா என்ன சொல்லுவ?" என்று கேட்டார். என் கருதுகோள் சரி என்பேன் என்றேன். "நடையே குறைஞ்சிருந்தா?" திசை தெரியாமல் தயங்குகிறது, அதனால் நடை குறைந்தது, அப்போதும் சரிதான் என்றேன். "ஒரு வித்தியாசமும் இல்லைன்னா?" சர்க்கரை போதவில்லை, இன்னும் கூட்டிப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் சிரித்துவிட்டு, "எந்தப் பக்கம் போனாலும் உன் வீட்டுக்கே வந்து சேருதேம்மா. நீ தப்புன்னு ஒத்துக்க இதுல ஒரு வழியாவது வெச்சிருக்கியா? இதுக்குப் பேரு சோதனை இல்ல, வேண்டுதல்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கும் கோபப்பட வசதியாக இருந்திருக்கும்.

அப்புறம் ஒத்திகைப் படங்களைக் கேட்டார். பெருமையாகக் காட்டினேன். பொடி போட்ட தட்டின் முதல் படத்தையும், மறுநாள் எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முதல் படத்தில் கீறலின் கரையில் ஒரு சின்ன வளைவு இருந்தது, கீறும்போது கை நடுங்கினால் வருமே, அது. இரண்டாவது படத்தில் கரை நேராக இருந்தது. "இது ரெண்டும் ஒரே இடமா?" என்று கேட்டார்.

இதை நீ கவனமாகப் படிக்க வேண்டும். கீறல் நீளமானது, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மூடாது. அதனால் எந்த இடத்தை அளக்கிறோமோ அதற்கு நேரே தட்டின் அடியில் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்வோம். மறுநாளும் அதே கோட்டில்தான் பார்க்க வேண்டும். தட்டை அலமாரிக்குள் வைக்கும்போது வெளிப்பக்கம் ஸ்பிரிட்டால் துடைப்பது எங்கள் பழக்கம். அதில் பொடி போட்ட தட்டின் கோடு அழிந்துவிட்டது. எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாதா என்று நானே மறுபடி போட்டேன். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டே, கீறல் நன்றாக மூடியிருந்த இடத்துக்கு நேரே போட்டிருக்கிறேன். நான் பொய் சொல்ல நினைக்கவில்லை அக்கா. கை தானாக அங்கே போனது. உன் கால் ஆற வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை இருந்தது, அந்த ஆசைதான் பேனாவைப் பிடித்திருந்தது.

கோடு பழைய இடத்தில் இருந்திருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்று அதே தட்டைத் தேடிப் பார்த்தோம். வளைவு இருந்த இடம் கிடைத்தது. அங்கே அப்படி ஒன்றும் மூடவில்லை. பொடி எதுவும் செய்யவில்லை என்று இதனால் ஆகிவிடாது. செய்கிறது என்று சொல்ல என் கையில் எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

கூட்டம் முடிந்து மேஜைக்கு வந்தபோது உன் கடிதம் விரித்தபடியே கிடந்தது. ஸ்பிரிட் பட்டுக் கோடு அழிந்ததும், நானே அதே இடத்தில் போட்டுக்கொண்டேன் என்று நீ எழுதியதும் கண்ணில் பட்டது. ஒரே வீட்டில் வளர்ந்த இரண்டு பேர் என்பதற்காக இப்படியா ஒரே தப்பைச் செய்வது?

அக்கா, நீயும் பார்த்துக்கொண்டேதான் அந்தக் கோட்டைப் போட்டிருக்கிறாய். சிவப்பு எங்கே வரைக்கும் இருக்கிறதோ அதற்கு வெளியே போட்டிருக்கிறாய். அப்படிப் போட்ட கோட்டை எந்தச் சிவப்பும் தாண்டாது. அத்தான் எழுந்து போனதும் அதனால்தான். அவர் முதல் கோட்டையும் பார்த்தவர் இல்லையா?

வலி இல்லை என்கிறாய். விரல் கறுத்தால் காய்கிறது என்பாய், நீர் வடிந்தால் கெட்டது வெளியேறுகிறது என்பாய். எந்தப் பக்கம் போனாலும் உன் வீட்டுக்கே வருகிறது. ஆறவில்லை என்று நீ ஒத்துக்கொள்ள ஒரு வழியாவது வைத்திருக்கிறாயா? ஷூ கடித்து ரத்தம் வந்த அன்றைக்கே உனக்கு வலிக்கவில்லையே. சர்க்கரை உன் காலின் நரம்பைத் தின்றுவிட்டது, அதனால்தான் வலி இல்லை. "இறுக்கவே இல்ல ஆன்ட்டி" என்று சொன்ன அந்தக் குழந்தையை நீ நம்பினாயா? கட்டைவிரலால் அழுத்தித்தானே பார்த்தாய்? சிவப்பு ஷூ கேட்ட அந்தக் குழந்தை மாதிரிதான் நானும், நீயும். நம் இரண்டு பேருக்கும் அழுத்திப் பார்க்க வேறு ஆள் வேண்டும். எனக்கு ஏன் மேடம் வந்தார். உனக்கு டாக்டர் வந்திருக்கிறார்.

என் திட்டத்தை அடியோடு மாற்றி எழுதிவிட்டேன். முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன்: சர்க்கரைத் தட்டில் செல்களின் நடை வேகமே குறைந்திருந்தால் என் கருதுகோள் தவறு. இனி கோட்டைப் பேனாவால் போடமாட்டேன், ஊசியால் பிளாஸ்டிக்கிலேயே கீறுவேன், எந்த ஸ்பிரிட்டும் அழிக்காது. பொடியை எந்த நீரில் கரைக்கிறேனோ அந்த வெறும் நீரை மட்டும் ஊற்றிய தட்டு ஒன்றும் சேர்த்திருக்கிறேன். எந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று அளக்கிற எனக்கே தெரியாதபடி வேறொருத்தி எண் போட்டுக் கொடுப்பாள். செடியை மாற்றி வைத்தாளே என் பக்கத்து அறைக்காரி, அவள் இங்கேதான் வேலை செய்கிறாள். மாற்றி வைத்துவிட்டு முகத்தை அப்பாவியாக வைத்துக்கொள்ள அவளைவிட்டால் ஆள் கிடையாது. ஏன் மேடம் படித்துவிட்டு, "இப்ப ஆரம்பி" என்றார். முதல் முறையாக ஏன் என்று கேட்கவில்லை.

ஆனால் இது மெதுவாக நடக்கிற வேலை. திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். எல்லாம் சரியாகவே வந்தாலும், அது தட்டில் இருக்கும் சில செல்களைப் பற்றித்தான். தட்டில் ரத்த ஓட்டம் இல்லை, கிருமி இல்லை, நாள் முழுக்க நிற்கிற ஒரு பெண்ணின் பாரம் இல்லை. அந்தப் பொடியை எந்த மனுஷருக்கும் இதுவரை யாரும் கொடுத்ததில்லை. ஒரு சிட்டிகைகூட அனுப்பமாட்டேன், கோபித்துக்கொள். என் சோதனை என்றைக்காவது யாருக்காவது உதவலாம். உன்னுடைய இந்தக் காலுக்கு அது வந்து சேராது. இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

தட்டில் எனக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஒன்றில் செய்து பார்ப்பேன், இன்னொன்றை அப்படியே விட்டுப் பார்ப்பேன். இரண்டையும் ஒப்பிட்டு, எது நல்லது என்று நிதானமாகச் சொல்வேன். உன் விஷயத்தில் எனக்கு அது முடியாது. விரலை எடுத்துக்கொண்ட அக்கா ஒருத்தி, எடுக்காமல் பொறுத்திருந்த அக்கா ஒருத்தி என்று எனக்கு இரண்டு அக்கா இல்லை. இருக்கிற ஒருத்தியை வைத்து நான் எந்தச் சோதனையும் செய்து பார்க்க மாட்டேன்.

எனக்கு முதல் பள்ளிக்கூட ஷூவை நீதான் மாட்டிவிட்டாய். அப்போது நீ அந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதுசு. முனையில் அழுத்திப் பார்த்துவிட்டு, "இன்னும் வளரணும் நீ" என்று சொன்னாய். முனையில் பஞ்சை அடைத்துக்கொண்டு வருடம் பூராவும் அதில் நடந்தேன். கடைக்கு வருகிறவர்கள் உன் காலையா பார்க்கிறார்கள்? உன் கையைப் பார்க்கிறார்கள் அக்கா. அந்தக் கட்டைவிரல் இருக்கிற வரைக்கும் எல்லாரும் காலை நீட்டுவார்கள்.

இதைப் படித்து முடித்ததும் எழுந்து அத்தானோடு ஆஸ்பத்திரிக்குப் போ. நாளைக்கு இல்லை, இன்றைக்கே. புதுக் கோடு போட்டுக் காத்திருக்கவும் வேண்டாம். நான் வண்டிக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். நான் வந்து இறங்கும்போது நீ வீட்டில் இருக்கக் கூடாது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்க வேண்டும். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
எத்தனை வயதானாலும் நீ மாட்டிவிட்ட ஷூவில் நடக்கும்,
வாலு

* * *

என் வாலுவுக்கு,

நீ இறங்கியதும் கொடுக்கச் சொல்லி இதை அத்தானிடம் கொடுத்து நிலையத்துக்கு அனுப்புகிறேன். வார்டில் பார்வையாளர் நேரம் வரைக்கும் உன்னை உள்ளே விடமாட்டார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இதைப் படி. நீ படிக்கிற நேரத்தில் என்னை உள்ளே கொண்டு போயிருப்பார்கள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் உன்னை நன்றாகத் திட்டினேன். படித்த திமிர், அக்காவுக்கே பாடம் எடுக்கிறாள் என்று அத்தானிடம் கத்தினேன். அவர் அசையவில்லை. என் செருப்பை மட்டும் எடுத்து வந்து காலடியில் வைத்தார். இத்தனை வருடக் குடித்தனத்தில் அவர் எனக்குச் செருப்பு எடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. அதற்கு மேல் என்னால் கத்த முடியவில்லை.

இங்கே அந்த நர்ஸ், கோடு போட்ட அன்றைக்கு எடுத்த படத்தைக் காட்டினாள். அவள் கோடு எங்கே இருந்தது, நான் போட்ட கோடு எங்கே இருந்தது! எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. எத்தனை ஆயிரம் காலுக்கு அளவெடுத்த கை இது, என் காலுக்கு மட்டும் தப்பாக எடுத்திருக்கிறது. டாக்டர் திட்டவில்லை. விரலோடு போகும், பாதத்தைக் காப்பாற்றிவிடலாம் என்றார். இன்னும் தாமதித்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை என்றும் சொன்னார்.

வெட்டுகிற விரலை என் தங்கையின் ஆராய்ச்சிக்குக் கொடுத்து அனுப்பலாமா என்று அவரிடம் கேட்டேன். அந்த மனுஷர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். முடியாதாம். உன் பாக்கியம் அவ்வளவுதான்.

பயமாகத்தான் இருக்கிறது வாலு. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? அத்தானிடம் சொன்னால் அவரைத் தேற்ற நான் எழுந்திருக்க வேண்டும். நீ அவரைக் கொஞ்சம் பார்த்துக்கொள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, கேட்டால் சாப்பிட்டேன் என்பார், நம்பாதே.

உன் கருதுகோள் சரியாக வந்தாலும் தப்பாக வந்தாலும் நீ நன்றாக இரு. தப்பு என்று வந்தால் அழாதே. தப்பு என்று தெரிந்துகொள்ள எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்று எனக்கும் இப்போது தெரியும்.

கடையிலிருந்து மெத்தென்ற ஷூ ஒரு ஜோடி எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். கட்டிலுக்கு அடியில் பெட்டியில் இருக்கும். சின்ன அளவு வாங்கலாமே என்றார் அத்தான், வேண்டாம், என் பழைய அளவே இருக்கட்டும் என்றுவிட்டேன். இடது பக்கம் முன்னால் கொஞ்சம் காலியாகத்தான் இருக்கும். கட்டு அவிழ்த்து நான் அதை முதல் முதலாகப் போட்டுக்கொள்கிற நாளில் நீ பக்கத்தில் இருக்க வேண்டும். குனிந்து, முனையில் உன் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, வளர இடம் இருக்கிறது என்று என்னிடம் நீ சொல்ல வேண்டும்.

உன்,
அக்கா